நாத்தனாரின் மீட்டர்

என் நாத்தனாருக்கு எங்கள் தெருவில் சிஐடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். நானும் வாயால் அண்ணி என்பேன், மனதுக்குள் சிஐடி என்பேன்.

என்னை முதன்முதலில் பார்க்க வந்த அன்று, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தரச் சொன்னார். அதைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நிஜமாகவே பவர் இருக்கிறதா, இல்லை அழகுக்காக மாட்டியிருக்கிறேனா என்று சோதனை. பவர் இருக்கத்தான் செய்தது. தலை சுற்றிப் போய்க் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "பொண்ணுக்குக் கண்ணு நிஜமாவே கெட்டுப் போயிருக்கு" என்று தன் தம்பியிடம் சொன்னார். அதில் குறை எதுவும் இல்லை. சொன்னது உண்மை என்பதில் ஒரு திருப்திதான்.

கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. ஒரே கேள்வியை வேறு வேறு நாளில் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். டீ கொடுத்தால் முதலில் டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பார், அப்புறம் முகர்வார், அப்புறம்தான் குடிப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் அண்ணி, நான் என்ன விஷமா கலக்கப் போறேன்?"

"நீ கலக்க மாட்டே. எறும்பு விழுந்திருக்கலாம்ல" என்றார். அன்று விழுந்தும் இருந்தது. என்ன செய்வது?

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் தொழில் அப்படி. எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுகிற கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் அந்தக் கடைக்குக் கருகிய கம்பி உருவப் போனவர். மோட்டாருக்குள் எரிந்து ஒட்டிக் கிடக்கும் செம்புக் கம்பியை உளியால் வெட்டி, கொக்கி போட்டு உருவ வேண்டும், உள்ளங்கை கன்றிப்போகும். உருவிக்கொண்டே, கட்டுகிறவரின் கையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் முதலாளி வெளியே போயிருந்தபோது தானே ஒரு பம்பு மோட்டாரைக் கட்டி முடித்துவிட்டார். திரும்பி வந்த முதலாளி திட்டுவதற்கு வாயைத் திறந்தார்; மோட்டார் ஓடியது; வாயை மூடிக்கொண்டார். பின்னாளில் முதலாளிக்கு முதுகு வளைந்தபோது கடை அண்ணியின் கைக்கு வந்தது.

அந்தக் கடைக்கு வருகிறவர்கள் ஒருவர்கூட உண்மை பேசுவதில்லை. "சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சுக்கா, தானா நின்னுடுச்சு" என்பார்கள். மோட்டாரைத் திறந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கும், அல்லது யாரோ அரைகுறையாகக் கழற்றித் தப்பாக மாட்டியிருப்பார்கள். இப்படியே வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, மனுஷன் பேசுவது எல்லாமே கட்டுக்கதை, மோட்டார் மட்டும்தான் பொய் சொல்லாது என்று அவருக்கு மனதில் பதிந்துவிட்டது.

மோட்டாருக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது தன் மீட்டரை. டாங் டெஸ்டர் என்பார்கள். இடுக்கி மாதிரி வாய் திறக்கும். ஒயரை வெட்டாமல், தொடாமல், சும்மா சுற்றிக் கவ்வினால் போதும், உள்ளே எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று எண் காட்டும். சொந்தமாகக் கடை நடத்தத் தொடங்கியதும் அவர் வாங்கிய முதல் பொருள் அதுதான். மென்மையான பழைய துணியில் சுற்றி, மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பார். யாருக்கும் இரவல் கிடையாது. வாடிக்கையாளர் வாயாடினால் அதை எடுத்து ஒயரில் மாட்டி, எண்ணை அவர் முகத்துக்கு நேரே காட்டுவார். அதோடு பேச்சு முடிந்தது.

இப்பேர்ப்பட்ட சிஐடிக்கு ஒரே ஒரு தம்பி. அந்தத் தம்பியைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் சோப்புத் தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிறார். நல்ல வேலைக்காரர். ஆனால் வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். குஞ்சு பொரிக்க ஒரு பெட்டி செய்தார், முட்டை வெந்தது. துணியைத் தானாக மடிக்கும் பலகை செய்தார். என் நல்ல புடவை ஒன்று அதில் மாட்டிக் கிழிந்தது. ஒவ்வொன்றையும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டுவார். அண்ணி இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து விரலை வைப்பார். இவர் முகம் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. அப்புறம் அடுத்த கோட்டை கட்டத் தொடங்குவார்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. பாய்லர் வேலை இருந்தது, வேலையோடு சேர்ந்து குவார்ட்டர்ஸும் இருந்தது. தொழிற்சாலைச் சுவரை ஒட்டி இரண்டு அறைகள், ஒரு சமையல்கட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்குள்ளேயே குழாய். பிறந்த வீட்டில் தெருக்குழாயில் சண்டை போட்டே வளர்ந்தவள் நான். முதல் நாள் அந்தக் குழாயைத் திறந்து, மூடி, திறந்து, மூடி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். இருந்தால் என்ன, வீட்டுக்குள் வருகிறதே.

அந்தத் தண்ணீரிலேயே வினை வந்தது.

மின்னல் என்று ஒருவன். கேபிள் டிவி லைன் பார்க்கிறவன். வேகமாகப் பேசுவான், வருவதும் தெரியாது போவதும் தெரியாது, அதனால் அந்தப் பெயர். ஒருநாள் எவர்சில்வர் குழாய்கள் சிலவற்றோடு வந்தான். ஒரு பெரிய குழாய்க்குள் சின்னக் குழாய், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நூலிழை இடைவெளி. அதை எங்கள் வீட்டுத் தண்ணீரில் முக்கி, மூன்று லாரி பேட்டரிகளை வரிசையாகக் கோத்து இணைத்தான். குழாய்களுக்கு நடுவிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் குமிழி கிளம்பியது. மூடி வழியாக வந்த காற்றைச் சோப்பு நுரையில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டினான். பட்டென்று வெடித்தது. என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி கை தட்டினார்.

"தண்ணியில இருக்கிறதே ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தான். பிரிச்சா ரெண்டும் சேர்ந்து எரியும்" என்றான் மின்னல்.

"அதான் கரண்ட் விட்டா பிரியும்னு ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தாங்களே" என்றேன் நான்.

"அங்கதான் விஷயமே இருக்கு! இதுல கரண்டே ஓடாது. வெறும் வோல்ட் மட்டும்தான். ஒரு பக்கம் பிளஸ் இழுக்குது, இன்னொரு பக்கம் மைனஸ் இழுக்குது. நடுவுல மாட்டின தண்ணி ரெண்டாப் பிஞ்சுடும். கரண்ட் ஓடலேன்னா செலவு ஏது? பேட்டரி அப்படியே இருக்கும், தண்ணி எரிஞ்சுக்கிட்டே இருக்கும்!"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நாள் முழுக்க பாய்லரில் டீசல் எரிவதைப் பார்க்கிற மனிதர். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

திட்டம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. பாய்லர் வேலையை விட்டுவிடுவார். மின்னலோடு சேர்ந்து ஒரு கொட்டகை எடுத்து, இந்தக் குழாய்களைச் செய்வார்கள். உலகத்தில் உள்ள அத்தனை பாய்லரும் நாளைக்குத் தண்ணீரில் எரியும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், குழாயும் போகும்.

"அந்த மின்னல் ஏன் தினமும் பேட்டரியைச் சார்ஜுக்குத் தூக்கிட்டுப் போறான்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"பழைய பேட்டரிம்மா. தானா இறங்குது" என்றார்.

தானாக நின்ற மோட்டார் மாதிரி, தானாக இறங்குகிற பேட்டரி! என் வாழ்க்கையில் முதல்முறையாக நாத்தனாரின் சந்தேகத்தை நானே தேடிக்கொண்டு போனேன். கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணி கையிலிருந்த கம்பியை விடாமல் கேட்டுக்கொண்டார்.

"அந்த மின்னல் பையன் காதுல பூ சுத்தறான். வரேன்" என்றார். அந்த நிமிஷம் அவர் எனக்குக் கடவுளாகத் தெரிந்தார்.

வந்தார். டாங் டெஸ்டரைத் துணியோடு எடுத்துக்கொண்டு வந்தார். முதல் வேலையாக மின்னலை வாசலுக்கு வெளியே போகச் சொன்னார். மேஜை விரிப்பை உருவிப் பார்த்தார். மேஜையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் உருவிக்கொண்டே போனார், நடுவில் எங்காவது வேறு இணைப்பு ஒளிந்திருக்கிறதா என்று. பாத்திரத்திலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, எங்கள் குழாயில் தானே பிடித்து ஊற்றினார். தீப்பெட்டியைக்கூட மாற்றினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார் என்பார்களே, அப்படி.

அவ்வளவும் செய்துவிட்டு இணைப்பைக் கொடுத்தார். குமிழி வந்தது.

அண்ணி துணியைப் பிரித்து, மீட்டரின் வாயைத் திறந்து, பேட்டரியிலிருந்து போகும் ஒயரைக் கவ்வ வைத்தார்.

பூஜ்யம்.

ஒருமுறை கழற்றி மாட்டினார். பூஜ்யம். மற்ற ஒயரில் மாட்டினார். அதிலும் பூஜ்யம். குமிழி பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மீட்டரே கெட்டுவிட்டதோ என்று, சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியின் இரண்டு ஒயர்களில் ஒன்றைத் தனியாகப் பிரித்துக் கவ்வ வைத்தார். எண் சரியாக வந்தது. மறுபடி குழாய் ஒயருக்கு வந்தார். பூஜ்யம்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றார் தனக்குத்தானே. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் குமிழிகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் ஓடலடா தம்பி" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்க என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து காத்திருந்தார் போலிருக்கிறது. போய் அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். அண்ணி அவர் தலையில் கை வைத்தார். நான் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் டீயில் எறும்பு தேடுகிற மனுஷி, என் கண்ணாடியைச் சந்தேகப்பட்ட மனுஷி, எனக்கு வேண்டிய ஒரே ஒருநாள் நம்பித் தொலைத்துவிட்டாரே!

அதற்குப் பிறகு தடுப்பார் யாரும் இல்லை. சிஐடியே சொல்லிவிட்டார் என்று தெருவே பேசியது. திங்கட்கிழமை மேனேஜரைப் பார்த்து வேலையை விடுவதாகச் சொல்லப் போகிறேன் என்றார் வீட்டுக்காரர். நான் பாத்திரங்களில் எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று மனதுக்குள் பிரிக்கத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், எனக்கே கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை வந்துகொண்டிருந்தது. அண்ணியின் மீட்டர் பொய் சொல்லுமா என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து என் வீட்டுக்காரரும் மின்னலும் எவர்சில்வர் குழாய்களைப் பேட்டரி இணைப்போடு நிறுத்தாமல் ஓட விட்டிருந்தார்கள். பாத்திரத்துத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. அண்ணி வந்தார். இப்போதெல்லாம் தம்பியைப் பார்க்க அடிக்கடி வந்துகொண்டிருந்தார். வரும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், எனக்கு அது பழக்கமில்லாத சிரிப்பு. நான் டீயைக் கொண்டுபோய் மேஜையில் வைக்க இடம் தேடினேன். அண்ணி எனக்கு வழிவிட ஒயரைக் கையால் ஒதுக்கினார்.

ஒதுக்கிய கை அங்கேயே நின்றது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் ஒயரை விடவில்லை. விரல்களை மெல்ல நகர்த்தினார். மற்ற ஒயரையும் பிடித்துப் பார்த்தார். மோட்டாரில் இப்படித்தான் கை வைத்துப் பார்ப்பார், சூடு எவ்வளவு என்று. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. டீயைத் தொடவே இல்லை.

"இதே மாதிரி இன்னொரு செட் குழாய் இருக்கா?" என்று மின்னலைக் கேட்டார்.

"இருக்குக்கா. எதுக்கு?"

"குடு. வேலை இருக்கு." வாங்கிக்கொண்டவர், வாசலில் திரும்பி நின்று தம்பியிடம் சொன்னார்: "நாளைக்கு மேனேஜரைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி கடைக்கு வந்துட்டுப் போ. அந்தப் பேட்டரியையும் எடுத்துட்டு வா. இவளும் வரட்டும்."

ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. ஆனால் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. தொழிலில் பங்கு கேட்கப் போகிறாரோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. சிஐடியோடு இருந்து இருந்து எனக்கும் அந்த நோய் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

திங்கட்கிழமை காலை என் வீட்டுக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். மின்னல் பேட்டரிகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி வந்தான். கடையில் வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது. காயில் கட்டிய பிறகு கம்பிக்குக் கம்பி கரண்ட் தாவாமல் இருக்க வார்னிஷில் முக்கி, பல்பு எரியும் தகரப் பெட்டிக்குள் வைத்துக் காய வைப்பார்கள். அந்தப் பெட்டியிலிருந்து அண்ணி வெளியே எடுத்தது மோட்டார் அல்ல, மின்னல் கொடுத்த குழாய்கள். ஒயர் மாட்டும் மேல்முனையைத் தவிர உள்ளும் புறமும், ஓரங்களிலும், கண்ணாடி மாதிரி வார்னிஷ் பூசியிருந்தது.

மேஜைமேல் ஒரு முள் மீட்டர் இருந்தது. பக்கத்தில் பேட்டரி சார்ஜ் போடுகிற கடையில் கேட்டு வாங்கி வந்ததாம். அடுத்தவர் மீட்டரை அண்ணி தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

முதலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய குழாய்களை, பூச்சு இல்லாதவற்றை, தண்ணீரில் வைத்தார். பேட்டரிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒயரை வெட்டி, அந்த முள் மீட்டரைச் சேர்த்தார். இணைப்புக் கொடுத்ததும் குமிழி வந்தது. முள்ளும் துள்ளி எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"கரண்ட் ஓடுது" என்றார் அண்ணி.

அண்ணி அந்தக் குழாயை எடுத்துவிட்டு, வார்னிஷ் பூசியதை வைத்தார். அதே தண்ணீர், அதே பேட்டரி. ஒரு வோல்ட் மீட்டரைக் குழாய்களின் மேல்முனையில் வைத்துக் காட்டினார். வோல்ட் முழுசாக நின்றது. கரண்ட் காட்டும் முள் படுத்த இடத்தை விட்டு எழவில்லை. தண்ணீர் தேமே என்று கிடந்தது. ஒரு குமிழி, பேருக்கு ஒரு குமிழிகூட வரவில்லை.

"வோல்ட் பத்தலக்கா. பூச்சு இருக்குல்ல, அதுக்கு ஏத்த மாதிரி கூட்டணும்" என்றான் மின்னல். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"கூட்டுவோம்" என்று அண்ணி அலமாரியிலிருந்து மெகரை எடுத்தார். காயிலில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் பெட்டி அது. கைப்பிடியைச் சுற்றினால் ஐந்நூறு வோல்ட் தரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதன் ஒயர்களைக் குழாய்களில் மாட்டிச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். தோள் வலிக்கிற அளவுக்குச் சுற்றினார். நாங்கள் நாலு பேரும் பாத்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீரில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன.

"பாரு. வோல்ட்ங்கிறது தள்ளுறது. கரண்ட்ங்கிறது நடக்கிறது. எவ்வளவு வேணா தள்ளலாம். இந்தப் பூச்சு மாதிரி கதவு சாத்தியிருந்தா உள்ள இருந்து ஒருத்தரும் வெளிய வர மாட்டாங்க. தண்ணி பிரியணும்னா கரண்ட் அதுக்குள்ள புகுந்து வெளிய வந்தாகணும். வெறும் வோல்ட்டால ஆகாது." கைப்பிடியை நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்க்காமல் இழுப்பறைப் பக்கம் பார்த்தார்.

"அன்னிக்கு உன் மீட்டர் ஜீரோ காட்டுச்சே."

அண்ணி இழுப்பறையைத் திறந்து, துணிப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரிக்கவில்லை.

"இது ஏசி மட்டும்தான் பார்க்கும். மோட்டார், ஃபேன், லைன்ல வர்ற கரண்ட். பேட்டரில இருந்து வர்றது டிசி. அது எவ்வளவு ஓடினாலும் இதுக்குக் கண்ணு தெரியாது. அதான் ஃபேன்ல சரியா காட்டுச்சு, இதுல ஜீரோ காட்டுச்சு. நேத்து ஒயர் கையில சுட்டப்பதான் உறைச்சுது, கரண்ட் ஓடாம ஒயர் சுடாதுன்னு."

"இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். வாங்கின அன்னிக்கே சொல்லித்தான் குடுத்தாங்க."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே? தெருவெல்லாம் சொல்லிட்டேன். நீ சொன்னேன்னுதானே நான் வேலையை விடப் போனேன்!" அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்று போட்டார். "எல்லாரையும் சந்தேகப்படறவ, அன்னிக்கு எங்க போச்சு உன் சந்தேகம்?"

அண்ணி துணியின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் வரல" என்றார். பிறகு, "வர வேண்டாம்னு இருந்துச்சுடா. நீ கொண்டு வந்த ஒவ்வொண்ணுலயும் நான்தான் ஓட்டை கண்டுபிடிச்சேன். ஒரு தடவையாவது நீ சொன்னது சரியா இருக்கணும்னு இருந்துச்சு. அந்த ஜீரோவைப் பார்த்ததும் போதும்னு ஆயிடுச்சு. அதுக்கு மேல தோண்ட மனசு வரல."

மின்னல் முன்னே வந்தான்.

"அக்கா, சத்தியமா நான் ஏமாத்தல."

"தெரியும்டா. நீ ஏமாத்தியிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன்."

அதுதான் விஷயம். அவர் ஆளைச் சோதித்தார், மேஜையைச் சோதித்தார், தீப்பெட்டியைச் சோதித்தார். யாரும் ஏமாற்றவில்லை என்பதால் ஒன்றும் அகப்படவில்லை. தப்பு அவர் கையிலேயே துணி சுற்றி உட்கார்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வார்னிஷ் பூசிய குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, கரண்ட் ஓடட்டுமே. தீ வருதில்ல?" என்றார், கடைசியாக ஒருமுறை பிடித்துப் பார்க்கிற மாதிரி.

"வருது" என்றார் அண்ணி.

என் வீட்டுக்காரரே மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். "பேட்டரில ஏத்தின சார்ஜ்தான் சூடா சுத்திட்டு வருது. வர்ற வழியில ஒயர் வேற சுடுது, தண்ணி சுடுது. ஆவிக் குழாய்க்கு மேல சுத்தின துணி பிஞ்சுபோனா பாதி சூடு காத்துல போகுமே, அந்தக் கதைதான். போட்டதை விடக் கம்மியாத்தான் கைக்கு வரும்." குழாயை மேஜையில் வைத்தார். "டீசலை நேரா எரிக்கிறதே மேல்."

அதை அக்கா சொல்லாமல் அவராகவே சொன்னாரே, அதில் எனக்கு ஒரு நிம்மதி. தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அவர் எழுந்தார். தேய்த்த சட்டையோடு மேனேஜர் அறைக்குப் போகாமல் நேராக பாய்லர் அறைக்குப் போனார். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று நாள் முழுக்க எனக்குக் குழாய் தண்ணீர் தேன் மாதிரி இனித்தது. வீடு தப்பித்தது என்று சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவர் சாயங்காலம் வந்து சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. தாமிரக் கம்பி வாங்கப் போகிற சாக்கில் அண்ணி எங்கள் வீட்டு வழியாகப் போவார், உள்ளே வர மாட்டார். கடையில் வேலை முன்னே மாதிரி இல்லை என்று கேள்விப்பட்டேன். கட்டி முடித்த மோட்டாரையே மூன்றாம் முறை, நாலாம் முறை அளந்து பார்த்துவிட்டு, அப்படியும் கொடுக்கப் பயப்படுகிறாராம்.

கடைசியில் என் வீட்டுக்காரரே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். எதற்குத் தெரியுமா? அவர் கொல்லைப்புறத்தில் புதிதாக ஏதோ செய்துவைத்திருந்தார். பாய்லர் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கிற சமாச்சாரமாம். அக்கா வந்து பார்க்க வேண்டுமாம். அண்ணி வாசலிலேயே தயங்கி நின்றார்.

"நீயே பார்த்துக்கடா. நான் என்னத்தைச் சொல்லப் போறேன்" என்றார்.

உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். வாங்கினார். எட்டிப் பார்க்கவில்லை. முகரவும் இல்லை. அப்படியே வாய்க்குக் கொண்டுபோனார்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எத்தனை வருஷமாக இந்த மனுஷி என் டம்ளரை எட்டிப் பார்க்காமல் இருக்கக் கூடாதா என்று வேண்டியிருப்பேன். இப்போது நிறுத்திவிட்டார், என்னால் தாங்க முடியவில்லை. டம்ளரைக் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

"உள்ள பாருங்க அண்ணி."

"எதுக்கும்மா? நீ போட்டது நல்லாத்தான் இருக்கும்."

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க பார்க்கலேன்னா இந்த வீட்டுல வேற யாரு பார்க்கிறது?"

அவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "பாருக்கா" என்றார். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு டம்ளரை எடுத்து, வெளிச்சத்துப் பக்கம் சாய்த்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சர்க்கரை கரையல" என்றார்.